இரவுத் தங்கலும் இயற்கைக் கல்வியும்: கதிரவெளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, ஓரிரவேனும் தங்கச் செய்து, காட்டையும் கடலையும் கைதொட்டு அறியவைக்கும் களப்பயணம் இன்று கல்வியியற் புதுமையாகப் பேசப்படுகின்றது. புதுமை என முன்வைக்கப்படும் எதனையும் அதன் சமூக அடித்தளத்தோடு பொருத்தி நோக்குவதே வரலாற்று முறை. யாருடைய பிள்ளைகள், யாருடைய நிலத்தில், யாரிடமிருந்து கற்கின்றனர் என்ற வினாக்களை எழுப்பாது இயற்கைக் கல்வியைப் பற்றிப் பேசுதல் பயனற்றது.

இவ்வினாக்களை எழுப்புதற்குக் கதிரவெளி பொருத்தமான இடமாகும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே அமைந்த இவ்வூரின் ஒருபுறம் கடல். மறுபுறம் வயலும் காடும். மகாவலியின் கிளையான வெருகலாறு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. இலங்கையிற் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அறியப்பட்டுள்ள இடங்களுள் கதிரவெளியும் ஒன்று. தமிழ் பேசும் கரையோர வேடர் இப்பிரதேசத்தில் வாழ்ந்துவருவதும், அவர்களைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதியிருப்பதும் ஆய்வாளர் அறிந்தவை. நெய்தலும் மருதமும் முல்லையும் ஒரு நாள் நடைக்குள் அடங்கும் ஊர் என இதனைக் கூறலாம்.

ஐரோப்பாவிலே களக் கல்வியின் சிந்தனை மூலம் றூசோவின் 'எமில்' (1762) என்பர். ஆயின் அது நிறுவன வடிவம் பெற்றது கைத்தொழில் முதலாளித்துவம் நகரப் பிள்ளைகளை மண்ணிலிருந்து பிரித்த பின்னரே. ஜேர்மனியில் 1901இல் அமைப்பாகத் தோன்றிய 'வாண்டர்போகல்' இயக்கம் நடுத்தர வகுப்பு இளைஞரின் நகர வெறுப்பைப் பிரதிபலித்தது. 1909இல் றிச்சாட் ஷிர்மன் என்னும் ஆசிரியர் தம் மாணவருடன் பல நாள் நடைப்பயணம் மேற்கொண்டபோது புயலில் அகப்பட்டு, ஒரு கிராமப் பாடசாலையில் இரவைக் கழித்தார். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பாடசாலைகள் மாணவர் தங்குமிடங்களாகலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1912இல் ஆல்ற்றேனாக் கோட்டையில் நிரந்தர விடுதியொன்று உருவாயிற்று. 1933இல் நாஜிகள் அதிகாரத்துக்கு வந்ததும் வாண்டர்போகல் கலைக்கப்பட்டது. விடுதிகள் இட்லரின் இளைஞர் அமைப்பின் கைக்குட் சென்றன. இயற்கையின்மீது கொண்ட காதல் தன்னளவில் முற்போக்கானதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இதற்கு மாறாக, 1918இல் மொஸ்கோவின் சொக்கொல்னிக்கியில் தொடங்கப்பட்ட இளம் இயற்கையியலாளர் நிலையம் தொழிலாளர் பிள்ளைகளின் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தது. உழைப்பையும் கற்கையையும் இணைத்த ஓவனின் முயற்சியில் எதிர்காலக் கல்வியின் கருவை மார்க்ஸ் கண்டிருந்தார் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

நமது மரபிலும் இதற்கான அடிப்படை உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்கும்போது மா, மரம், புள் ஆகியவற்றோடு 'செய்தி'யையும் சேர்க்கின்றது. உரையாசிரியர் இதற்குத் தொழில் எனப் பொருள் கொள்வர். பறவையும் மரமும் போன்றே உழைப்பும் நிலத்தின் கூறாகக் கொள்ளப்பட்டது. மேலும் ஒவ்வொரு திணைக்கும் சிறுபொழுது வரையறுக்கப்பட்டது: குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறை, முல்லைக்கு மாலை. குறித்த நிலத்தைக் குறித்த வேளையிற் கண்டாலன்றி அறியவியலாது என்ற அனுபவம் இப்பாகுபாட்டின் பின்னே உள்ளது. காலை ஏழு மணிக்குப் பேருந்தில் வந்து மாலை நான்கு மணிக்குத் திரும்பும் மாணவன் யாமத்தையும் வைகறையையும் ஒருபோதும் காண்பதில்லை. இரவுத் தங்கலுக்கு இதைவிட வலுவான நியாயத்தை நவீன கல்வியியலும் முன்வைத்ததாகத் தெரியவில்லை. திணையை வெறும் இலக்கணச் சட்டமாகக் கற்பிப்போர் இதனைக் கருதுவதேயில்லை.

மட்டக்களப்பு வாவியின் இரவு ஒலி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வந்தபோது, இரவில் வள்ளமேறிச் சென்று நீரடியிலிருந்து எழும் இசையைக் கேட்டார். வள்ளத்தின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது என எழுதியுள்ளார். அவரை அங்கு அழைத்துச் சென்றோர் மீனவர். ஒலி எழுப்புவது ஒருவகை ஊரி என்று அவர்கள் கூறி, அதன் தமிழ்ப் பெயரையும் சொல்லி, சிப்பிகளையும் எடுத்துக் காட்டினர். ரெனன்ற் அவற்றுக்கு இலத்தீன் பெயரிட்டு நூலிற் சேர்த்தார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இதே ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. நூற்றாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டு கவனிப்புகளும் மீனவர் அறிவின்றி இயலாதவை. ரெனன்றின் பெயர் நூலட்டையில் நின்றது. வழிகாட்டியோர் 'மீனவர்' எனப் பொதுப்படவே அறியப்பட்டனர்.

குடியேற்றவாதக் கல்வி இப்பிரிவினையை நிலைப்படுத்தியது. ஆங்கிலக் கல்வி எழுதுவினைஞரை உருவாக்கிற்று. வலையும் ஏரும் பாடசாலைக்குப் புறம்பாயின. 1930களில் கன்னங்கரா ஆதரித்த கந்தேசைத் திட்டம் கிராமச் சூழலையும் தொழிலையும் பாடமாக்க முனைந்தது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இன்னும் துணிவானது. 'தொழில் முன்னிலைப் பாடம்' என்ற பெயரில் மீன்பிடி முதலான பிரதேசத் தொழில்கள் இடைநிலை வகுப்புகளுக்குள் வந்தன. அத்தொழில் செய்வோரிடம் மாணவர் நேரிற் சென்று கற்க இடமேற்பட்டது. 1977இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின் இத்திட்டம் கைவிடப்பட்டது.

அரசியல் மாற்றத்தை மட்டும் காரணமாகக் கூறி இதனைக் கடந்துவிட முடியாது. உழைக்கும் பெற்றோரே இத்தகைய திட்டங்களை ஐயுற்றனர். மீனவன் மகன் மீன்பிடியைப் பாடசாலையிலும் கற்கவேண்டுமாயின், வைத்தியன் மகன் எதனைக் கற்பான் என்ற கேள்வியில் வர்க்க அனுபவம் பொதிந்துள்ளது. பல்கலைக்கழக வாயில் பழைய பாடங்களுக்கே திறந்திருந்தவரை அவ்வையம் நியாயமானதே. நகர மாணவருக்கு இயற்கை முகாம், கிராம மாணவருக்குத் தொழிற் பாடம் என்று பிரித்து வழங்கும் கல்வி ஏற்றத்தாழ்வைப் புதிய ஆடையில் மறுஉற்பத்தி செய்யும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் இரவிரவாக நடந்து கடலாமை முட்டைகளைக் காத்துவரும் இயக்கம் போற்றத்தக்கது. ஆயினும் அம்மணலில் வள்ளம் தள்ளும் வீட்டுப் பிள்ளைகள் அதில் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பதையும் கேட்கவேண்டும்.

கதிரவெளியிற் பாடசாலையில் இரவு தங்குதல் என்ற சொற்றொடருக்கு வேறொரு பொருளும் உண்டு. 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தனர். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இராணுவத்தின் எறிகணைகள் அங்கு வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு ஈராண்டு முன்னர்தான், 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியிருந்தது. ஷிர்மனின் விடுதி எண்ணம் ஒரு பாடசாலையின் கூரையடியிற் பிறந்தது. இங்கே பாடசாலைக் கூரை எதனைத் தாங்கிற்று என்பதைக் கூறாது, இவ்வூருக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எதனைக் கற்பிப்பார்? காடும் களப்பும் போரினால் மூடப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறை, தன் முன்னோர் அறிந்த மீன்வழிகளையும் தேன் எடுக்கும் இடங்களையும் எவ்வளவு பெற்றது, எவ்வளவு இழந்தது என்பது இனிமேல்தான் ஆராயப்பட வேண்டியதாகும்.

அண்மைய ஆண்டுகளில் வாகரைப் பிரதேசத்தின் கரை மணல் மீண்டும் கவனத்துக்கு வந்துள்ளது. இம்முறை கவனிப்போர் இயற்கையியலாளரல்லர். மணலிலுள்ள இல்மனைற்றுக் கனிமத்தை அகழும் திட்டங்களும், களப்பை அண்டிய இறால் வளர்ப்புத் திட்டங்களும் ஊரவரின் எதிர்ப்பைச் சந்தித்துள்ளன. இக்கரையில் ஓரிரவு தங்கும் மாணவன், ஊரியையும் கண்டலையும் தன் குறிப்பேட்டில் எழுதுவதோடு, காலையிற் கரைவலை இழுப்போரிடம் இம்மணலின் உரிமை யாரிடம் உள்ளது என்றும் கேட்டெழுதலாம். அந்தப் பக்கத்துக்குப் புள்ளி வழங்கும் வினாத்தாள் இன்னும் அச்சிடப்படவில்லை.