நான்கில் மூன்று பேர்: ஆஷின் எண்ணை மறுபடி எண்ணுதல்

கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்ல வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் கூட்டத்தின் தவறான விடையை ஒரு முறையேனும் ஏற்றார்கள். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1956இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பாடநூல்கள் விடாமல் எடுத்தாளும் எண் இது. கண்ணால் கண்டதைக்கூட மனிதர் கூட்டத்துக்காகக் கைவிடுவார் என்ற முடிவு இதன்மேல்தான் நிற்கிறது. ஆஷின் அட்டவணை அவ்வளவு தூரம் போகவில்லை.

சிக்கல் "ஒரு முறையேனும்" என்ற அளவுகோலில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் 18 சுற்றுகள். அவற்றில் 12இல், ஆஷோடு முன்பே பேசிவைத்திருந்த மாணவர்கள் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். பன்னிரண்டில் ஒரு தரம் சறுக்கியவரும் பன்னிரண்டிலும் பின்தொடர்ந்தவரும் இந்தக் கணக்கில் ஒரே பட்டியலில் சேர்கிறார்கள். அதே கோலைத் திருப்பிப் பிடித்தால், பங்கேற்ற 123 பேரில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் ஒரு முறையேனும் கூட்டத்தை மறுத்தவர்கள். இந்த எண் ஏனோ வகுப்பறைக்குள் நுழைவதில்லை. மொத்த விடைகளில் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்தவை 36.8 சதவீதம், அதுவும் சராசரிதான். நால்வரில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லை.

அழுத்தம் இல்லை என்று இங்கே வாதிடவில்லை. தனியாக விடை எழுதியவர்களிடம் பிழை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கூட்டம்தான் மீதியைச் செய்தது. எப்படிச் செய்தது என்பதே கேள்வி.

சோதனைக்குப் பின் ஆஷ் ஒவ்வொருவரிடமும் பேசினார். கோடு வேறுவிதமாகத் தெரிந்தது என்றவர்கள் மிகச் சிலர். இணங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் கண்ணில்தான் கோளாறு, மற்றவர்கள் சொல்வதே சரி என்று முடிவுகட்டியிருந்தார்கள். தனித்துத் தெரிய விரும்பாமல், தவறென்று அறிந்தே ஒத்துச்சொன்னவர்களும் உண்டு. முதல் வகையினரைக் கோழைகள் என்பது அநியாயம். சுற்றியிருப்போர் அனைவரும் ஒன்றைச் சொல்லும்போது தன் பார்வையைச் சந்தேகிப்பது அன்றாட வாழ்வில் நல்ல பழக்கமே. ஆய்வுக்கூடம் அந்தப் பழக்கத்துக்கு வலை விரித்தது என்று கொள்ள இடமுண்டு.

ஆஷ் சோதித்தவர்கள் ஐம்பதுகளின் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள்தானே என்பது வழக்கமான மறுப்பு. 1980இல் வெளியான பிரிட்டிஷ் மறுசோதனையில் 396 விடைகளில் ஒன்றே ஒன்றுதான் கூட்டத்தோடு போனது. 17 நாடுகளின் 133 ஆய்வுகளைத் திரட்டிய 1996ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அமெரிக்காவில் இணக்கம் குறைந்துவந்ததையும் குழு உணர்வு மிகுந்த சமூகங்களில் அது கூடுதலாக இருப்பதையும் காட்டியது. இவை இணக்கத்தின் அளவைப் பற்றியவை. இணங்கியவர்கள் ஏன் இணங்கினார்கள் என்று இங்கே பேசப்படும் வாசிப்பை இவை தொடவில்லை.

மனிதர் மந்தைபோல் கூட்டத்தின் பின்னே போகிறார் என்ற விளக்கம் உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில். ஆஷ் ஆள் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தபோது, எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் பாதிப்பு சொற்பம். இருவர் ஆனால் பிழை 13.6 சதவீதம், மூவருக்கு 31.8. அதன்பின் தலைகளைக் கூட்டியும் பெரிய மாற்றமில்லை. ஆனால் சரியான விடை சொல்லும் துணை ஒன்று கிடைத்தாலே பிழைகள் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கின. அந்தத் துணை நடுவில் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டபோது பிழைகள் மறுபடி எகிறின. வேலை இருக்கிறதென்று அறையைவிட்டுப் போனபோதோ அவ்வளவு ஏறவில்லை. இரண்டு நிலையிலும் சோதனைக்கு வந்தவர் தனி ஆள்தான். தலை எண்ணிக்கையை மட்டும் நம்பும் வாசிப்பால் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.