தூளித் துணியும் வாடைக்காற்றும்

எங்கள் தருவைகுளம் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்கு முதல் படுக்கை, பழைய நூல் சேலையில் கட்டிய தூளிதான். பலமுறை துவைத்த நூல் பிள்ளை உடம்பை உறுத்தாது. பெரியவர்களும் இப்படித் தொங்கிக்கொண்டு தூங்கிய கதை வரலாற்றில் உண்டு.

1492-இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்குள்ள மக்களின் படுக்கை பருத்தி வலைபோல் இருக்கக் கண்டார். வெப்பப் பிரதேசத்துக்கு அது சரி. காற்று தாராளமாக ஓடும். அதே படுக்கை இங்கிலாந்துக் கடற்படைக் கப்பலில் ஏறியபோது, வலை போய்க் கித்தான் வந்தது. மாலுமிகள் அதற்குள் மெத்தையும் கம்பளியும் விரித்துப் படுத்தார்கள்.

காரணம் எளிது. தரையில் படுத்தால் காற்று மேலே மட்டும்தான். தொங்கினால் முதுகுக்கு அடியிலும் புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும்.

இப்போது பேரப்பிள்ளைகள் மெல்லிய நைலான் தூளியோடு கொடைக்கானலுக்குக் கிளம்புகிறார்கள். நைலான் எடை தாங்கும், சீக்கிரம் காயும், குளிர் தாங்காது. நூல் துணி இதமானது, ஆனால் பனியில் நனைந்தால் அதுவே குளிரும். உள்ளே விரித்த கம்பளி உடல் பாரத்தில் நசுங்கிவிடும். அதைத் தூளிக்கு வெளியே, அடியில் தொங்கவிட்டால் நடுவில் காற்று தங்கிச் சூடு காக்கும்.

தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டணும். நம் கரையில் மார்கழி வாடைக்கு வடகிழக்கு, ஆடிக் கச்சானுக்கு மேற்கு. மலையில் இருட்டுமுன்னே காற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெஞ்சில் குளிர் ஏறினபிறகு முடிச்சை மாற்றிக் கட்டக் கை வராது.