சக்கரத்தைக் கழற்றிய பெட்டி

திறந்த வண்டியா, மூடிய வண்டியா? சரக்கு அனுப்புகிறவர் எல்லோருக்கும் வரும் கேள்விதான் இது நண்பர்களே. நம்ம புதுவைக் கடற்கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இங்கே கரையோரம் ஆழம் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போடும். சலங்குப் படகுகள் போய் சரக்கை இறக்கி வரும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாது, வளைந்து கொடுக்கும். ஆனால் திறந்த படகு. சரக்கு நனையும், மூட்டைகள் பல கை மாறும். பிறகு கட்டிய இரும்புப் பாலமும் 1952 புயலில் விழுந்தது.

அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளிக்கும் இதே தலைவலி. மூடிய டிரெய்லர்களை அப்படியே கப்பலில் ஏற்றலாம் என்று முதலில் நினைத்தார். சக்கரங்கள் இடத்தை அடைக்கும் என்று தெரிந்ததும் பெட்டியை மட்டும் பிரித்து ஏற்றினார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்குச் சுமார் 6 டாலர் ஆகும். பெட்டியில் ஆன செலவு சுமார் 16 சென்ட்!

1983-ல் சென்னைத் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் முனையம் வந்தது. பெட்டிக்கு ஆழமும் கிரேனும் வேண்டும். நம்ம கரையோரம் அந்த ஆழம் இல்லை.

மூடிய பெட்டி மிச்சப்படுத்தியது வாடகையை அல்ல, கை மாறும் எண்ணிக்கையை. அந்தக் கைகளெல்லாம் கூலிக்கு உழைத்தவர்களின் கைகள். லாபக் கணக்கில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் உறுத்துகிறது.