பாதி ஆடுகளம் தரும் சான்று: இறகுப்பந்துப் பயிற்சியில் எது முதலில்?

இறகுப்பந்துப் பயிற்சியைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வரிசை மரபாகவே நிலைத்துவிட்டது: முதலில் மட்டைப் பிடி, அடுத்து மணிக்கட்டு, அதன்பின் ஸ்மாஷ். கால் நகர்வு இவற்றுக்கெல்லாம் துணைப்பாடம். தாம்பரம் முதல் படப்பை வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் உள்ளரங்குகளில் மாலைநேர ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்; ஆட்டம் தேங்கினால் மாறுவது மட்டையும் அதன் நரம்பின் இறுக்கமும்தான். 2023இல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துப் படைத்த உலகச் சாதனை இந்த நம்பிக்கைக்கு உரமிட்டது. ஆனால் அது எதிராளி இல்லாத சோதனையில், பந்து மட்டையை விட்டுப் புறப்படும் கணத்தில் அளந்த வேகம். காற்றுத்தடையால் இறகுப்பந்து மிக விரைவில் தளர்ந்துவிடும்; உயரத்திலிருந்து தானாக விழவிட்டால் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டரைத் தாண்டாது. சாதனை எண்ணைப் பயிற்சித் திட்டத்தின் அடிப்படையாகக் கொள்வது பொருந்தாது என்பதற்கு இதுவே போதும்.

கையா, காலா என்ற வழக்கைத் தீர்க்க இதைவிட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. இத்துறை எழுத்துகள் அதைச் சலுகை விதி என்று மட்டுமே படித்து நகர்ந்துவிட்டன. மாற்றுத்திறனாளர் இறகுப்பந்தின் வகைப்பாட்டைச் சொல்கிறேன். எஸ்.யு.5 என்பது கையில் பாதிப்பு உள்ளோருக்கான பிரிவு. பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் அப்பிரிவில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றனர். இருவரும் ஆடியது முழு ஆடுகளத்தில், வழக்கமான வலை உயரத்தில். எஸ்.எல்.3 பிரிவோ காலில் கடுமையான பாதிப்பு உள்ளோருக்கானது. அங்கே ஒற்றையர் ஆட்டத்துக்கு ஆடுகளம் நீளவாக்கில் பாதியாகிறது. சக்கர நாற்காலிப் பிரிவுகளின் ஒற்றையரில் அகலம் பாதியாவதோடு, வலையை ஒட்டிய பகுதியும் ஆட்டத்திலிருந்து விலக்கப்படுகிறது. கை குறைந்தால் களம் குறைவதில்லை. கால் ஓர் அளவுக்குமேல் குறைந்தால் குறைகிறது. இதை நியாயத்துக்கான ஏற்பாடு என்று விளக்குவது பொருந்தவில்லை. ஒரே பிரிவில் எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவுதானே? நியாயம் மட்டுமே நோக்கமாக இருந்தால் முழுக் களத்திலும் அது கிடைத்துவிடும். ஆகவே களத்தைச் சுருக்கியதற்கு வேறு காரணம் வேண்டும். இரண்டு மூன்று அடிகளிலேயே ஒவ்வொரு புள்ளியும் முடிந்துவிடாமல் ஆட்டத்துக்கு உயிர் இருக்கவேண்டும் என்பதே அது என்று கருதுகிறேன். விதி வகுத்தவர்கள் தம் நோக்கத்தை இச்சொற்களில் அறிவித்தார்கள் என்று நான் வாதிடவில்லை. விதியின் அமைப்பு இந்த வாசிப்பையே தாங்குகிறது என்பதுதான் என் கூற்று.

எஸ்.யு.5 ஆட்டக்காரர் பலர் பாதிப்பில்லாத கையால்தான் ஆடுகிறார்கள், எனவே ஒப்பீடே செல்லாது என்று மறுக்கலாம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அப்பிரிவு மட்டை பிடிக்கும் கை, பிடிக்காத கை என்று பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தக் கை பாதிக்கப்பட்டிருந்தாலும் களம் அதேதான். மேலும், திரும்பும்போதும் தாவி அடிக்கும்போதும் உடலைச் சமன்செய்வது மட்டை பிடிக்காத கையே. எஸ்.எல்.4 பிரிவினரும் கால் பாதிப்புடன் முழுக்களத்தில் ஆடுகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. அவர்களுடைய பாதிப்பு எஸ்.எல்.3ஐவிடக் குறைவு. களத்தைப் பாதியாக்கும் கோடு நகர்வாற்றலின் அளவில்தான் விழுகிறது என்பதை இது உறுதிசெய்கிறதேயன்றி மறுக்கவில்லை. குள்ள உருவத்தினரின் எஸ்.எச்.6 பிரிவுக்கும் முழுக்களமே என்பதைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். எட்டும் தூரம் குறைவதும் ஓட்டம் தடைபடுவதும் ஒன்றல்ல என்பதோடு அதை விட்டுவிடலாம்.

எந்தத் திசை நகர்வுக்கு முதலிடம் என்பதற்கும் இதே விதியில் விடை இருக்கிறது. எஸ்.எல்.3 ஒற்றையரில் 5.18 மீட்டர் அகலம் பாதியாகிறது. வலையிலிருந்து பின்கோடு வரையுள்ள 6.7 மீட்டர் ஆழத்தில் ஓர் அங்குலமும் குறைவதில்லை. அகலத்தைக் குறைத்திருப்பதால் பக்கவாட்டு நகர்வுதான் கடினமானது, அதற்கே முதலிடம் என்று இதை நேர்மாறாகவும் படிக்கலாம். இக்கட்டுரையை எதிர்த்து வரக்கூடிய மிக வலுவான வாசிப்பு அதுதான். ஆயினும், எதை இழந்தும் ஆட்டம் நிற்கிறதோ அதைத்தான் விதி வெட்டுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பாரிஸில் நிதேஷ் குமாரும் டேனியல் பெத்தலும் மோதிய எஸ்.எல்.3 இறுதியாட்டம் பாதி அகலத்தில் ஏறத்தாழ 80 நிமிடம் நீடித்து, மூன்றாம் செட்டில் 23-21 என்ற கணக்கில்தான் முடிந்தது. பின்கோட்டுக்கு டாஸ், வலையோரம் டிராப் என்ற முன்பின் இழுபறியே பெரும்பாலும் ஒரு தங்கப் பதக்க ஆட்டத்தை இவ்வளவு நேரம் தாங்கியிருக்கிறது. முழுக்களத்திலும் கணக்கு இதற்கு ஒத்தே வருகிறது: நடுவில் நிற்பவருக்குப் பக்கக்கோடு சுமார் 2.6 மீட்டர், ஓர் எட்டும் கை நீட்டமும் அதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். பின்கோட்டுக்கு ஓடி அடித்து வலைக்குத் திரும்புவது அப்படியல்ல.

நம் பகுதியில் ஆடப்படுவது பெரும்பாலும் இரட்டையர்தானே என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அங்கே களம் பகிரப்படுகிறது, முன்பின் வேலை ஒழிவதில்லை. ஆகவே படப்பை வட்டாரப் பயிற்சியாளர்களுக்கு இக்கட்டுரை முன்வைக்கும் வரிசை இது: முதலில் பாதிக் களத்தில், ஸ்மாஷ் இல்லாமல், முன்பின் நகர்வு, அடுத்துப் பக்கவாட்டு, ஸ்மாஷ் அதற்குப் பிறகு. புது மட்டைக்குச் செலவிடும் பணத்தை அதுவரை கோர்ட் வாடகைக்குக் கொடுக்கலாம்.