கடலில் வகுத்த வழி: பரிந்துரை சட்டமான வரலாறு

முன்னுரை

கப்பல் கடலில் கிழித்துச் சென்ற கோடு சில நிமிடங்களில் அழிந்துவிடும். பின்னால் வரும் கப்பலுக்கு அங்கே தடம் எதுவும் மிஞ்சாது. ஆனாலும் டோவர், மலாக்கா நீரிணைகளில் இன்று செல்லும் கப்பல்கள், கடல் வரைபடத்தில் மட்டுமே உள்ள தடங்களைப் பின்பற்றுகின்றன. போகும் கப்பலுக்கு ஒரு தடம், வரும் கப்பலுக்கு வேறொரு தடம், நடுவே பிரிப்பு வலயம். போக்குவரத்துப் பிரிப்புத் திட்டம் எனப்படும் இந்த ஒழுங்கு, ரேடார் போன்ற கருவிகளின் வளர்ச்சியால் தானாகவே வந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். வரலாறு வேறு விதமாக உள்ளது. தடம் பிரிக்கும் யோசனை 1855-லேயே தெளிவான வடிவில் எழுதப்பட்டுவிட்டது. அது அனைத்துலகச் சட்டமானது 1977-ல்தான். இடைப்பட்ட 122 ஆண்டுகளில் கடலோடிகளுக்கு அறிவு போதுமான அளவு இருந்தது. அனைவரையும் கட்டுப்படுத்தும் விதிதான் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மாரியின் இரு தடங்கள்

1854 செப்டம்பர் 27 அன்று, லிவர்பூலிலிருந்து நியூயார்க் சென்றுகொண்டிருந்த ‘ஆர்க்டிக்’ என்ற அமெரிக்கப் பயணிகள் கப்பல், நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ரேஸ் அருகே மூடுபனியில் ‘வெஸ்டா’ என்ற பிரெஞ்சு நீராவிக் கப்பலுடன் மோதியது. நீர்புகாத் தடுப்பறைகள் இருந்த வெஸ்டா கரை சேர்ந்தது. மரக்கலமான ஆர்க்டிக் மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 400 பேரில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்நாளில் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர் மேத்யூ ஃபான்டெய்ன் மாரி. பழைய கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளைத் திரட்டி, காற்றும் நீரோட்டமும் காட்டும் வரைபடங்களை 1847 முதல் வெளியிட்டு வந்தார். ஆர்க்டிக் விபத்தையடுத்து, அதே குறிப்பேடுகளைக் கொண்டு, அட்லாண்டிக்கில் நீராவிக் கப்பல்களுக்கு இரண்டு தடங்களை 1855-ல் வகுத்தார். மேற்கே செல்வோருக்கு வடக்குத் தடம், கிழக்கே செல்வோருக்குத் தெற்குத் தடம். எதிரெதிரே வரும் கப்பல்கள் ஒரே பாதையில் சந்திக்காதிருந்தாலே மோதலின் பெரும்பகுதி ஒழியும் என்ற எளிய கணக்கு அது. பின்னாளில் வந்த திட்டங்கள் அனைத்துக்கும் இதுவே வித்து. ஆனால் அது பரிந்துரையாகவே நின்றது. பின்பற்றுவதும் விடுவதும் கப்பல் தலைவரின் விருப்பம்.

நிறுவனங்களின் ஒப்பந்தம்

1898-ல் வட அட்லாண்டிக்கில் பயணிகள் கப்பல் ஓட்டிய நிறுவனங்கள் தங்களுக்குள் தட ஒப்பந்தம் செய்துகொண்டன. 1912-ல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி 1,500-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், அத்தடங்கள் மேலும் தெற்கே நகர்த்தப்பட்டன. 1914-ல் கையெழுத்தான கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் ரோந்துக்கு வழிசெய்தது.

ஒப்பந்தத்தின் ஓட்டை 1956 ஜூலை 25 இரவு வெளிப்பட்டது. நான்டக்கெட் தீவுக்கு அப்பால் இத்தாலியின் ‘ஆண்ட்ரியா டோரியா’வும் சுவீடனின் ‘ஸ்டாக்ஹோம்’ கப்பலும் மோதி 51 பேர் இறந்தனர். இரண்டிலும் ரேடார் இருந்தது; இரண்டும் மற்றதை ரேடாரில் கண்டிருந்தன. ஆனால் ஸ்டாக்ஹோமின் நிறுவனம் தட ஒப்பந்தத்தில் சேரவில்லை. அதனால் கிழக்கே போன அக்கப்பல், மேற்கே வருவோருக்குரிய வடக்குப் பாதையில் போனது. கையெழுத்திட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும் ஒழுங்கு, மோதலைத் தடுக்கப் போதவில்லை.

டோவர் நீரிணை

இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் டோவர் நீரிணை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அதற்குள் மணல்திட்டுகளும், நெடுக்காகப் போகும் சரக்குக் கப்பல்களும், குறுக்காகப் போகும் பயணிகள் படகுகளும் உண்டு. 1956 முதல் 1960 வரை மட்டும் அங்கே 60 மோதல்கள் நிகழ்ந்தன. 1961-ல் பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் கப்பற்செலுத்தியல் கழகங்கள் கூட்டாக ஆராயத் தொடங்கின. அதன் பயனாக 1967 ஜூனில் பிரிப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தென்மேற்கே செல்வோர் இங்கிலாந்துப் பக்கம், வடகிழக்கே செல்வோர் பிரான்ஸ் பக்கம். ஆனால் இதுவும் விரும்பினால் பின்பற்றும் திட்டமே.

1971 ஜனவரி 11 அன்று, பெரு நாட்டின் ‘பராகாஸ்’ எதிர்த்தடத்தில் புகுந்து, ‘டெக்சாக்கோ கரீபியன்’ என்ற எண்ணெய்க் கப்பலில் மோதியது. எண்ணெய்க் கப்பல் வெடித்துச் சிதறியது. மறுநாள் அந்தச் சிதைவின்மேல் ஜெர்மனியின் ‘பிராண்டன்பர்க்’ மோதி மூழ்கியது. எச்சரிக்கை விளக்குகளும் மிதவைகளும் வைத்த பிறகும், பிப்ரவரி 27-ல் கிரேக்கக் கப்பல் ‘நிக்கி’ அதே இடத்தில் மோதி, அதிலிருந்த 22 பேருடனும் மூழ்கியது. ஏழு வாரங்களுக்குள் 51 உயிர்கள் போயின.

அதன்பின் தாமதம் இருக்கவில்லை. பிரிப்புத் திட்டங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஐ.நா.வின் கடல்சார் அமைப்பு அதே ஆண்டில் பரிந்துரைத்தது. 1972-ல் உருவான கடல் மோதல் தடுப்பு விதிகளில் பத்தாவது விதி இதற்கென்றே எழுதப்பட்டது. தடத்துக்குரிய திசையிலேயே செல்ல வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் இயன்றவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். மீன்பிடிக் கலங்கள் தடத்தில் செல்லும் கப்பலுக்கு இடையூறு செய்யக் கூடாது. 1977 ஜூலை 15-ல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1956–60 காலத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து, அதே அளவு காலத்தில் டோவரில் நிகழ்ந்த மோதல்கள் 16 மட்டுமே.

விதி தவற்றைக் குறைக்குமே தவிர, முற்றாக ஒழிக்காது. 2002 டிசம்பரில் ஏறத்தாழ 3,000 கார்களுடன் ‘டிரைகலர்’ கப்பல் இந்நீரிணையை ஒட்டிய கடலில் வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. அதன் சிதைவின்மேலும் பின்னர் இரு கப்பல்கள் மோதின. எவரும் இறக்கவில்லை என்பதே ஆறுதல். விதியுடன் இடைவிடாத கண்காணிப்பும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

கப்பலிடமிருந்து கப்பலைக் காக்க வகுத்த தடங்கள் இன்று கடல்வாழ் உயிர்களைக் காக்கவும் நகர்த்தப்படுகின்றன. பாஸ்டன் துறைமுகத்துக்குச் செல்லும் தடம் 2007-ல் திமிங்கிலங்களுக்காகத் திருப்பி அமைக்கப்பட்டது. நம் அண்டைக் கடலிலும் இத்தேவை உண்டு. இலங்கையின் தேவேந்திரமுனைக்கு அப்பாலுள்ள பெருங்கப்பல் தடம், நீலத்திமிங்கிலங்கள் இரை தேடும் நீர்ப்பரப்பின் ஊடே செல்கிறது. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி., 2022-ல் தன் கப்பல்களைத் தானாக முன்வந்து தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது.

பாராட்டத்தக்க செயல். ஆனால் ஒரு நிறுவனத்தின் முடிவு அந்த நிறுவனத்தின் கப்பல்களை மட்டுமே கட்டுப்படுத்தும். இது 1898 ஒப்பந்தத்தின் நிலை. அந்த நிலையிலிருந்து சட்டத்தை எட்ட முன்பு 79 ஆண்டுகள் ஆயின; ஒவ்வொரு படியையும் உயிரிழப்பே ஏற வைத்தது. வழி இன்னதென்று தெரிந்த பிறகும் இன்னொரு பேரிழப்புக்காகக் காத்திருப்பது தகாது. தேவேந்திரமுனைத் தடத்தை நகர்த்தும் பொறுப்பை நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், அரசுகளும் அனைத்துலகக் கடல்சார் அமைப்பும் விதியாக்க வேண்டும்.