சுண்ணாம்பு மலையடியில் சுண்ணச்சத்துக் குறை

கிந்தா மாவட்டம் சுண்ணாம்புக்கல் மலைகளின் நாடு. ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளும், அதற்குத் தெற்கே சிம்பாங் பூலாய்ப் பக்கத்துக் குன்றுகளும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அவற்றை வெட்டி மாவாக்கி அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஆலைகளும் அங்கே உள்ளன. அம்மலைகளுக்கு அண்மையில், பத்து காஜாவைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் உணவில் அதே சுண்ணச்சத்து அரிதாயிருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் நிகழ்ந்த ஒன்று இன்றும் மனத்தை விட்டகலவில்லை. பிள்ளை பெற்றுச் சில வாரமே ஆன ஒரு தாய்க்குத் திடீரெனக் கைகள் இறுகின. சோற்றுக் கவளம் உருட்டுவது போல விரல்கள் ஒன்றுகூடி விறைத்து நின்றன. பேய் பிடித்தது என்றார்கள். வேப்பிலையும் வந்தது, உடுக்கையும் வந்தது. பொழுது புலர்ந்தபின் லாரியில் ஏற்றி நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். கைநரம்பில் மெல்ல மெல்ல ஊசிமருந்து ஏற்ற, மூடிய விரல்கள் மலர்ந்தன என்று உடன் சென்ற பாட்டி வந்து சொன்னார். அந்தப் 'பேய்' இரத்தத்தில் கால்சியம் தாழ்ந்ததன் விளைவு என்பதை நான் அறிய முப்பது ஆண்டுகள் சென்றன.

மருத்துவ உலகம் இதை அறியவும் நெடுங்காலம் ஆயிற்று. கால்சியத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஹம்ப்ரி டேவி, ஆண்டு 1808. புயத்தை இறுகக் கட்டினால் கை அவ்வாறு குவிவதை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் துரூசோ எழுதினார். காதுக்கு முன்னே கன்னத்தைத் தட்டினால் முகத்தசை துடிப்பதை 1876-இல் வியன்னாவின் குவோஸ்டெக் கண்டார். அடையாளம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கச் செய்து ஆராய்ந்தார். அவருடைய உதவியாளர் வாலைவடிநீருக்குப் பதிலாகக் குழாய்நீரில் கரைசல் செய்துவிட, அதில்தான் இதயம் நன்றாகத் துடித்தது. வாலைவடிநீரில் செய்தபோது துடிப்பு அடங்கியது. குழாய்நீரில் கலந்திருந்த சுண்ணமே உயிர்த்துடிப்பைக் காத்தது என்று 1883-இல் ரிங்கர் எழுதினார். ஒரு தவறு செய்த பேருதவி இது! நம்மூர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் அச்சுண்ணமே. பின்னர் 1909-இல் அமெரிக்காவில் மெக்கல்லமும் வெக்ட்லினும், கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளை நீக்கிய நாய்களுக்கு வந்த இழுப்பு, கால்சியம் செலுத்தியவுடன் நின்றதைக் காட்டினர். இன்று கால்சியம் குளுகோனேட் கொடுக்கிறார்கள். அதையும் மெதுவாகவே செலுத்த வேண்டும். விரைந்து ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும்.

ஆனால் திடீரென வரும் இழுப்பு இக்குறையின் ஒரு முகம் மட்டுமே. உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. உணவில் குறைந்தால் இரத்தம் எலும்பிடம் கடன் வாங்கும். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கடன் மிகும். எலும்பு முணுமுணுக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரத்தத்தைச் சோதித்தால் அளவு சரியாகவே காட்டும்; எலும்போ உள்ளே மெலிந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. வட ஆர்க்காடு, சேலம் போன்ற வானம் பார்த்த பூமிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த நம் முன்னோர் ஊரில் உண்டது கேழ்வரகும் கம்பும். கப்பலேறி வந்த பின் தோட்டம் அளந்த அரிசியே உணவாயிற்று. அரிசிச் சோறு அவர்களுக்கு உயர்வாகவும் தோன்றியது. ஊரில் திருநாளுக்கு மட்டுமே கண்ட உணவல்லவா? கால் கிலோ கேழ்வரகில் 860 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கால் கிலோ அரிசியில் இருப்பது ஏறத்தாழ 25 மில்லிகிராம். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அந்த அரிசியும் போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது.

அரிசி தரும் நோயை மலாயா மருத்துவர்கள் அறியாதவர்கள் அல்லர். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மாண்டதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரிதும் தப்பியதையும் பிராடன் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் 1905-இல் தொடங்கிய சோதனையும் அதையே உறுதிசெய்தது. பெரிபெரி கொன்றது, ஆகவே கண்ணில் பட்டது. சுண்ணச்சத்துக் குறை கொல்லவில்லை. முதுகைக் கூனாக்கியது, இடுப்பை ஒடித்தது. அதற்கு முதுமை என்று பெயரிட்டுவிட்டோம்.

இக்குறையைத் தென்னிந்திய உணவில் அளந்து காட்டியது நீலகிரியின் குன்னூர். மெக்கரிசன் 1918-இல் அங்குத் தொடங்கிய ஆய்வுப் பணி உணவு ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். சிறுவர்க்குக் கால்சியம் லாக்டேட் கொடுத்துக் கண்ட வளர்ச்சியைக் கிருஷ்ணனுடன் இணைந்து 1938-இல் லான்செட் இதழில் எழுதினார். அதே 1938-இல்தான் மலாயாவுக்கு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. ஆள் வரும் வழி அடைபட்ட ஆண்டில், அவர்கள் விட்டுவந்த தானியத்தின் அருமை ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தது! அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது.

வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்ததே என்று கேட்கலாம். ஓரளவு உதவியிருக்கும், ஆயினும் அதற்காக அப்பழக்கத்தைப் போற்ற என் மனம் ஒப்பவில்லை. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வமைப்பு 2003-இல் முடிவு செய்தது. வேலியோரத்து முருங்கைக் கீரையும், முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடும் எவ்வளவோ மேல். பசலைக் கீரையில் சுண்ணம் இருந்தும் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதனை உடலில் சேர விடுவதில்லை. வெயில் தரும் 'டி' உயிர்ச்சத்து இன்றேல் உண்டதும் வீணே.

தேவை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிகிராம் போதும் என்றது 1962-இன் உலக நிறுவனங்களின் அறிக்கை. மலேசியச் சுகாதார அமைச்சு 2017-இல் 1000 என்றும், ஐம்பது கடந்த பெண்டிர்க்கு 1200 என்றும் வகுத்தது. இரண்டில் எதனைக் கொண்டாலும் லயத்துச் சோற்றுத்தட்டு எட்டியிராது.

தோட்டத்து மாரியம்மன் கோவிலில் ஆடி மாதம் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். அன்றாட உணவாக இருந்தது ஆண்டுக்கு ஒருநாள் பிரசாதமாகிவிட்டது. என் தாயார் எழுபதாம் வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது, எலும்புதான் சல்லடை என்றார் மருத்துவர். மாத்திரையும் ஊசியும் எழுதித் தந்தார். ஈப்போக் கடையில் கேழ்வரகு மாவு வாங்கிவந்து மோர் விட்டுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். குவளையைக் கையில் வாங்கியவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஆடி பொறந்துருச்சாப்பா?" என்றார்.