வெள்ளம் கார்த்திகையில், சட்டசபை தையில்

ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் நம்ம பக்கத்து ஆளுங்க கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "நம்ம எம்.எல்.ஏ. இதப் பத்தி சபையில என்ன பேசினாரு?" நியாயமான கேள்விதான். பதில் தேடி ஒவ்வொரு வெள்ளத்தின் தேதியையும், அந்த வருஷம் சட்டசபை கூடின தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுப் பார்த்தேன். தண்ணி வீட்டுக்குள்ள நின்ன நாட்களில் சபையே நடக்கலைங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் அப்படித்தான்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். எங்க பூர்வீகம் சாத்தாங்காடு. இப்போ நான் பயிர் வைக்கிறது பொன்னேரிப் பக்கம். சாத்தாங்காடுன்னா இன்னைக்கு எல்லாருக்கும் இரும்பு மார்க்கெட்தான் ஞாபகம் வரும். லாரி, கம்பி, தகடு. ஆனா தண்ணிக்கு அந்த மார்க்கெட்டெல்லாம் கணக்கில்லை. புழல் ஏரி நிரம்பினா உபரித் தண்ணி வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியா பதிமூணு கிலோமீட்டருக்கு மேல ஓடி எண்ணூர்ப் பக்கம்தான் வரும். பூண்டியில் திறந்தா கொசஸ்தலையாறு தாமரைப்பாக்கம், வல்லூர் தாண்டி அதே எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரும். நடுவுல பக்கிங்காம் கால்வாய். மூணு தண்ணியும் கடலுக்குப் போற வாசல்ல நாம உட்கார்ந்திருக்கோம். மேல யார் மதகைத் திறந்தாலும் கீழ நமக்குத்தான் தெரியும்.

இப்போ தேதிகளுக்கு வரேன்.

1943 அக்டோபர். சென்னை நகரத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளம். கூவம் கரை உடைச்சு ஊருக்குள்ள வந்த வருஷம்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. அப்போ சபைன்னு ஒண்ணே இல்லை. உலகப் போரில் இந்தியாவைக் கேட்காம இழுத்துவிட்டாங்கன்னு 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணிடுச்சு. அதுல இருந்து 1946 வரைக்கும் கவர்னர் ஆட்சிதான். ஆர்தர் ஹோப் கவர்னர். வெள்ளத்துக்கு யாரைக் கேள்வி கேக்குறது? கேக்குறதுக்கு உறுப்பினரும் இல்லை, சொல்றதுக்கு மந்திரியும் இல்லை. நம்ம கொசஸ்தலையாத்து மேல கட்டின பூண்டி அணையும் அப்போ வேலை முடியலை. அடுத்த வருஷம் 1944 ஜூனில்தான் திறந்தாங்க.

1976 நவம்பர். நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை. அடையாறு ரெண்டு கரையும் தாண்டி ஓடுச்சு. சபை? அந்த வருஷம் ஜனவரி 31 அன்னைக்கே கருணாநிதி ஆட்சியைக் கலைச்சாச்சு. நெருக்கடி நிலைக் காலம். 1977 ஜூன் வரைக்கும் குடியரசுத் தலைவர் ஆட்சி. மறுபடியும் ஊர் முங்கினப்போ கேள்வி கேக்க ஆளில்லை.

இந்த ரெண்டையும் காலத்தின் கோளாறுன்னு தள்ளிடலாம். அடுத்து வர்றதுக்கு அந்தச் சாக்கு செல்லாது. இப்போ சபை இருக்கு, நாம ஓட்டுப் போட்ட ஆளுங்களும் இருக்காங்க.

2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம். சபை செப்டம்பர் கடைசியிலேயே முடிஞ்சிருந்தது. அடுத்து கூடினது 2016 ஜனவரி 20, ஆளுநர் உரைக்கு. தமிழ் மாசத்துல சொன்னா வெள்ளம் கார்த்திகை 15, சபை தை 6. 2021 நவம்பரில் சென்னை மறுபடியும் மிதந்தது. சபை 2022 ஜனவரியில். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, நவம்பர் 18 அன்னைக்கு, ஆளுநர் திருப்பி அனுப்பின 10 மசோதாவை மறுபடி நிறைவேத்த ஒரு நாள் சிறப்புக் கூட்டம் போட்டாங்க. அவசரம்னா ஒரு நாளில் சபையைக் கூட்ட முடியும்னு அதுல தெரியுது. ஆனா புயலுக்குப் பிறகு சபை கூடினது 2024 பிப்ரவரி 12. அன்னைக்கும் ஆளுநர் ரவி உரையில் சில வரி மட்டும் படிச்சுட்டு மீதியைப் படிக்காம விட்டதுதான் பெரிய சேதியாச்சு. வெள்ளம் பின்னாடி போயிடுச்சு.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு, அதையும் சொல்லணும். 2024 டிசம்பர் 9, 10 ரெண்டு நாள் சபை கூடுச்சு. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானம் அதில்தான் வந்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து பத்து நாள்கூட ஆகாத நேரம். அதனால சாத்தனூர் அணையை எப்படித் திறந்தாங்கங்கிற பேச்சு சூட்டோட சூடா வந்தது. வாக்குவாதம்தான், இருந்தாலும் மந்திரி எழுந்து பதில் சொல்லியாகணும்ங்கிற நிலைமை வந்துச்சு இல்லையா? அதுதான் சபை.

இது யாரோ திட்டம் போட்டுப் பண்றதுன்னு நான் சொல்ல வரலை. அரசியல் சட்டம் 174-வது பிரிவு, ரெண்டு கூட்டத்தொடருக்கு நடுவில் ஆறு மாசத்துக்கு மேல இடைவெளி கூடாதுங்குது, அவ்வளவுதான். வருஷ ஆரம்பத்தில் ஆளுநர் உரை, அப்புறம் பட்ஜெட், மானியக் கோரிக்கை. வடகிழக்குப் பருவமழை பெய்யற மூணு மாசம் சபைக்குப் பெரும்பாலும் லீவு. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, ஒத்திவைப்புத் தீர்மானம்னு எத்தனை ஆயுதம் இருந்தாலும் சபை நடந்தாத்தான் எடுக்க முடியும். சபை நடக்கும்போதும் முதல்வர் 110-வது விதியில் அறிவிச்சுட்டா அதுமேல விவாதம் கிடையாது.

அப்போ சபை இல்லாம நிவாரணப் பணம் எப்படி வருது? மாநிலப் பேரிடர் நிவாரண நிதின்னு ஒண்ணு தயாரா இருக்கும். அதில் மத்திய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. அது பத்தலைன்னா எதிர்பாராச் செலவுக்குன்னு தனி நிதியம் இருக்கு. முதல்ல செலவு பண்ணிட்டு, பிறகு துணை மானியக் கோரிக்கையில் சபையிடம் ஒப்புதல் வாங்கிக்கலாம். வெள்ளத்துல நிக்கிறவனுக்கு அரிசி கொடுக்க விவாதம் முடியற வரைக்கும் காத்திருக்க முடியாது. இந்த ஏற்பாடு சரிதான். நிவாரணம் கொடுக்கிற முறையும் பட்டுப் பட்டுத்தான் மாறியிருக்கு. 2005-ல் வியாசர்பாடியில் நிவாரணம் வாங்க நின்ன கூட்டத்தில் 6 பேர் செத்தாங்க. அடுத்த மாசமே எம்.ஜி.ஆர். நகரில் 42 பேர். 2015-ல் பேங்க் கணக்கில் போட்டாங்க. 2023-ல் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து, குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமா கொடுத்தாங்க. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ஆக இருந்ததை 17,000 ஆக்கினாங்க. நம்ம கணக்குல ஏக்கருக்கு 6,880 ரூபாய். அதுவும் 33 சதவீதத்துக்கு மேல சேதம்னு எழுதினாத்தான்.

ஆக, தண்ணி நிக்கும்போது கலெக்டர் வேணும், போட்டு வேணும், பால் வேணும். சபைக்கு உண்டான வேலை அதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. முன்னாடி சட்டம் போடணும். பின்னாடி கணக்குக் கேட்கணும். இந்த ரெண்டுலதான் நமக்கு நஷ்டம்.

கணக்குக் கேட்கிறதை முதல்ல பார்ப்போம். 2015 வெள்ளத்தை மத்தியத் தணிக்கைத் துறை ஆராய்ஞ்சு அறிக்கை எழுதுச்சு. செம்பரம்பாக்கத்தில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி, தொடர்ந்து 21 மணி நேரம் திறந்தது. ஏரியை முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடிக்கு நிரப்பாம விட்டது. நீர்ப்பிடிப்புக்குள்ள இருந்த தனியார் பட்டா நிலம் முங்கக் கூடாதுன்னு பார்த்தது. எல்லாத்தையும் சேர்த்து மனுஷன் உண்டாக்கின பேரிடர்னே எழுதுச்சு. அந்த அறிக்கை சபைக்கு வந்தது 2018 ஜூலை 9, கூட்டத்தொடரின் கடைசி நாள். வெள்ளம் வந்து 31 மாசம் கழிச்சு! அதுக்குள்ள ஒரு தேர்தல் முடிஞ்சு, ஜெயலலிதா, ஓ.பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமின்னு மூணு முதல்வர் வந்தாச்சு. தணிக்கை அறிக்கையை ஆளுநர் சபையில் வைக்கச் செய்யணும்னு 151-வது பிரிவு சொல்லுது. எத்தனை நாளுக்குள்ளன்னு சொல்லலை. 2021 வெள்ளத்துக்குப் பிறகு திருப்புகழ் ஐ.ஏ.எஸ். தலைமையில் குழு போட்டாங்க. அது 2023 மார்ச்சில் முதல்வரிடம் இறுதி அறிக்கை கொடுத்துச்சு. அந்த மாதிரிக் குழு அறிக்கையைச் சபையில் வெச்சே ஆகணும்ங்கிற கட்டாயமும் கிடையாது.

இதுல நம்ம வடசென்னைக்கு இன்னொரு வருத்தம். பேச்செல்லாம் செம்பரம்பாக்கம், அடையாறு. புழல் உபரி எங்கே போகுது, கொசஸ்தலை வெள்ளம் யார் வீட்டுக்குள்ள போகுதுன்னு கேட்டது குறைவு. மிக்ஜாமில் அதுக்கு விலை கொடுத்தோம். மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், வெள்ளத்தோட பக்கிங்காம் கால்வாயில் கலந்து எர்ணாவூர், காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் வரைக்கும் போச்சு. படகு, வலை, சுவர் எல்லாத்துலயும் கறுப்பு. அதைத் தானா முன்வந்து கையில் எடுத்தது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. எண்ணெயை எடுக்கக் கெடு வெச்சதும் அதுதான். அரசு 2,301 குடும்பத்துக்குத் தலா 12,500, 6,700 குடும்பத்துக்குத் தலா 7,500, 787 படகுக்குத் தலா 10,000 கொடுக்க உத்தரவு போட்டுச்சு. மொத்தம் 8.68 கோடி. சபை கூடறதுக்கு முன்னாடியே இதெல்லாம் நடந்தாச்சு.

இப்போ சட்டம். வெள்ளம் பாயற சமவெளியை வரையறுத்து, எங்கே கட்டலாம் எங்கே கூடாதுன்னு சொல்ற மாதிரி மசோதா ஒண்ணை மத்திய அரசு 1975-லேயே எல்லா மாநிலத்துக்கும் அனுப்புச்சு. மணிப்பூர் 1978-ல் சட்டமாக்குச்சு. ராஜஸ்தான் 1990, ஜம்மு காஷ்மீர் 2005, உத்தராகண்ட் 2012. மாதிரி மசோதா வந்த மறு வருஷமே 45 சென்டிமீட்டர் மழை வாங்கின தமிழ்நாடு அந்தப் பட்டியல்ல இல்லை. ரெண்டு கழகமும் மாறி மாறி ஆண்டாச்சு, யாரும் எடுக்கலை.

சபை சும்மா இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. 2007-ல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனா பொதுப்பணித் துறை ஏரிக்குத்தான் அது. ஊராட்சிக் குட்டைக்கும் தாங்கலுக்கும் எட்டாது. 2023 ஏப்ரல் 21 அன்னைக்கு நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம், அந்த நிலத்துக்குள்ள ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தா, அதையும் சேர்த்து ஒப்படைக்க வழி பண்ற சட்டம். கூட்டத்தொடரின் கடைசி நாளில் குரல் வாக்கெடுப்பு. எட்டு மாசம்கூட ஆகலை, மிக்ஜாம் வந்துச்சு. ஒரு வாய்க்காலை மறிச்சா அடுத்த வயல்ல நாத்து அழுகும்னு நமக்குத் தெரியும். சபையில் ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருந்தா, இதைச் சொல்ல ஒரு விவசாயி உறுப்பினராவது எழுந்திருக்க மாட்டாரா?

மழைநீர் வடிகால் வேலை நடக்கலைன்னு இல்லை. கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம்னு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோட 3,220 கோடியில், 769 கிலோமீட்டருக்கு, திருவொற்றியூர், மணலி எல்லாம் சேர்த்து எடுத்தாங்க. ஆனா தெருத் தண்ணியை வடிகால் வாங்கிக்கிட்டாலும், அதைக் கடல் வாங்கணுமே. வடிகால் முடியற இடத்துல கால்வாய் தூர்ந்திருந்தா, முகத்துவாரம் சாம்பல் கழிவால் மேடாகியிருந்தா, போட்ட கான்கிரீட் நமக்கு உதவாது. செலவான ஒவ்வொரு கோடிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் சபைதான்.

ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட நாம ரோடும் தெருவிளக்கும் கேக்குறோம். இனிமே மூணு விஷயத்தையும் சேர்த்துக் கேட்கணும்னு நினைக்கிறேன். மழைக்கு முன்னாடி, புரட்டாசியில், ஏரி, ஆறு, மதகு பற்றி மட்டும் பேச ரெண்டு நாள் சபை. வெள்ளம் பற்றின எந்த அறிக்கையா இருந்தாலும் ஆறு மாசத்துக்குள்ள சபையில் வைக்கணும்னு ஒரு விதி. விசாரணைக் கமிஷன் அறிக்கைக்கு அந்த ஆறு மாசக் கெடு ஏற்கெனவே சட்டத்துல இருக்கு, புதுசா எதுவும் கேட்கலை. மூணாவது, 1975-ல் இருந்து தூங்குற அந்த வெள்ளச் சமவெளிச் சட்டம்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. அதில் ஒண்ணு நவம்பர் 1, உள்ளாட்சி தினம், நடு மழையில். சாத்தாங்காடு 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள்ள போயிட்டதால அங்கே கிராம சபை கிடையாது. ஆனா வார்டுல பகுதி சபை இருக்கு. கோட்டையில் சபை லீவுல இருக்கிற நாளில் ஜனங்க உட்கார்ந்து பேசுற சபை நம்மகிட்ட இருக்கு. வர்ற நவம்பர் 1 அன்னைக்கு இந்த மூணையும் தீர்மானமா எழுதி, மினிட் புத்தகத்தில் ஏத்தி, நகலை உங்க எம்.எல்.ஏ.வுக்கு அனுப்புங்க. எங்க ஊராட்சியில் நான் எழுதிக் கொடுக்கப் போறேன்.